மணைக்கு அடியில் நான்கு கட்டைகள்

1994 ஜூன் 6, திங்கட்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். எங்கள் தெருவுக்கு அன்று தண்ணீர் முறை. குழாயில் காற்று சீறி, பிறகு சிறுவாணித் தண்ணீர் வந்தது. குடங்களையும் பித்தளை அண்டாவையும் நிறைத்து மூடினேன். முகம் மழித்தேன். வானொலியில் மாநிலச் செய்தி கேட்டேன். சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்றுக் குறைவாக இருந்ததால் பம்பை எடுத்து அடித்துக்கொண்டிருந்தேன். பீளமேட்டில் வாடகை வீடு. நான் வேலை பார்த்த பம்பு மோட்டார் கம்பெனி சைக்கிளில் போகிற தூரத்தில்தான் இருந்தது. தரச்சோதனைப் பிரிவில் இருந்தேன். மகள் ஈரோட்டில் விடுதியில் தங்கிப் படித்ததால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏனுங்க, செத்த வாங்க. பாலு பொங்குது. அடுப்ப அமத்திப்போடுங்க."

போய்ப் பார்த்தேன். பால் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி மேடையில் வழிந்துகொண்டிருந்தது. அவள் அடுப்பு மேடைக்குக் கீழே, கையெட்டும் தூரத்தில், அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நறுக்கிய பீன்ஸ் முறத்தில் இருந்தது. அடுப்பை அணைத்தேன்.

"பக்கத்துலதானே இருக்கறே அம்மிணி. எந்திரிச்சு அமத்தியிருக்கலாமில்ல?"

"எந்திரிக்க முடிஞ்சா அமத்த மாட்டனாங்க? காய் அரிஞ்சு முடிச்சு எந்நேரமாச்சு. இங்கயே ஒக்காந்து அடுப்புகூடப் பேசிட்டு இருக்கறேன்."

கை கொடுத்தேன். முதல் தடவை எழ முடியவில்லை. இரண்டாவது தடவை ஒரு கையால் என்னையும் மறுகையால் சுவரையும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வலது முழங்காலில் மணலை அரைப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. எனக்கே கேட்டது.

"உங்க கம்பெனி மோட்டார்ல இப்பிடிச் சத்தம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"பேரிங்க மாத்துவோம்."

"அப்ப மாத்திப்போடுங்க" என்று சொல்லிவிட்டு, வழிந்த பாலைத் துடைக்கத் துணி எடுக்கப் போனாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. வலி வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. தைலம் தேய்ப்பாள், வெந்நீர் ஒற்றுவாள், மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடுவாள். கல்யாணமான காலத்தில் ஒல்லியாக இருந்தவள். மகள் பிறந்த பிறகு கொஞ்சம், அதற்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் என்று உடம்பு ஏறியிருந்தது. நாங்கள் யாரும் அதை முழங்காலோடு சேர்த்து நினைத்ததில்லை.

அன்று சாயங்காலம் அவளுடைய தம்பி வந்தான். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் அவர்களுக்குத் தென்னந்தோப்பு. மாதம் ஒரு தடவை, உரித்த தேங்காய் ஒரு மூட்டையை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து அக்கா வீட்டில் இறக்கிவிட்டுப் போவான். அன்று தேங்காயோடு ஒரு செய்தியும் கொண்டு வந்திருந்தான். ஆனைமலைப் பக்கம் பார்த்திருந்த பெண் முடிவாகிவிட்டது. கல்யாணம் தை மாதத்தில்.

அவளுக்கு இதைவிடப் பெரிய செய்தி கிடையாது. அவர்களுடைய அம்மா இறந்தபோது தம்பி இரண்டாம் வகுப்பில் இருந்தான். அக்காதான் அவனைக் குளிப்பாட்டிச் சோறூட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகும் லீவு நாட்களில் அவன் எங்கள் வீட்டில்தான் கிடப்பான். தோப்பில் கடன் தீரட்டும், கிணறு ஆழமாகட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, முப்பது வயதையும் தாண்டியிருந்தான்.

வாயில் சர்க்கரை போட வேண்டும் என்று அவள் தரையிலிருந்து எழுந்தாள். சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சர்க்கரையை வாங்கி மென்று முடித்த பிறகு, என்னைப் பார்த்துப் பேசுவதுபோல் அவளிடம் சொன்னான்.

"மாமா, பெரியம்மா ஒண்ணு சொல்லுதுங்க. அக்காவுக்கு முழங்கால் சரியில்ல, இணைச்சீருக்குத் தன்ற மக நிக்கட்டும்னு."

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்யவேண்டிய சடங்கு இணைச்சீர். ஊருக்கு ஊர் முறை சிறிது மாறும். இவர்கள் வீட்டு வழக்கப்படி, அவள் கூறைச்சேலை வைத்த கூடையைத் தலையில் சுமந்து மணவறையைச் சுற்றி வரவேண்டும். பிறகு அந்தக் கூடையோடு தம்பிக்குப் பக்கத்தில் மணையில் இணையாக உட்கார வேண்டும். சீர் செய்து வைக்கும் பெரியவர் வாழ்த்திப் பாடி முடித்ததும் கூடையோடு எழ வேண்டும். இரண்டு கையும் கூடையில் இருக்கும். எதையும் ஊன்றவோ பிடிக்கவோ முடியாது. கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால்தான் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள்.

என் மனைவி சர்க்கரை டப்பாவை மூடினாள்.

"கல்யாணம் தையிலதான?"

"ஆமாக்கா."

"மாசம் கெடக்குது. நாந்தான் நிப்பேன்னு பெரியம்மாகிட்டச் சொல்லு."

அந்தச் சனிக்கிழமை நகரத்தில் ஓர் எலும்பு மருத்துவரிடம் போனோம். எங்கள் வயதுதான் இருக்கும் அவருக்கும். எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் செருகி, எலும்புகளுக்கு நடுவே இருக்கவேண்டிய இடைவெளி எவ்வளவு, இருப்பது எவ்வளவு என்று பேனா முனையால் காட்டினார். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்திருந்தது. தேய்ந்தது திரும்ப வளராது என்றார். தொழில் காரணமாக எனக்கு அந்தப் பேச்சுப் பிடித்திருந்தது. இடைவெளி, தேய்மானம், பாரம்.

"மாத்திரை எழுதறேங்க. வலிக்குக் கேட்கும். ஆனா மருந்துல பாதிதான் அது. மீதிப் பாதி உங்க கையில இருக்குது" என்று அவளிடம் சொன்னார். "நடக்கறப்ப உடம்போட எடை ஒரு மடங்கா முழங்கால்ல எறங்கறதில்லீங்க. சில மடங்காத்தான் எறங்குது. நீங்க ஒரு கிலோ கொறச்சா, முழங்காலுக்குப் பல கிலோ எறக்கி வச்ச மாதிரி."

எடை பார்த்தார்கள். எழுபத்தொன்பது. சோற்றைக் குறைக்க வேண்டும், காய் நிறையச் சேர்க்க வேண்டும், எண்ணெய்ப் பலகாரமும் இனிப்பும் எப்போதாவதுதான். சமதரையில் நடக்க வேண்டும். தரையில் சப்பணம் போட்டு உட்காரக் கூடாது. காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைத் தரையோடு அழுத்தித் தொடையை இறுக்க வேண்டும். துண்டை அவரே சுருட்டி, படுக்கையில் வைத்துச் செய்து காட்டினார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தையில ஒரு நாள் மட்டும் மணையில ஒக்காந்து எந்திரிக்கோணுமுங்க. கையூணாம" என்றாள்.

அவர் ஏன் என்று கேட்டார். சொன்னாள். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான் என்பதால் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒரு நாள்னா பாத்துக்கலாங்க. ஆனா தரையோட தரையா வேண்டாம். மணை கொஞ்சம் ஒசரமா இருக்கட்டும். எடை எறங்கோணும், தொடையில பலம் ஏறோணும். ரெண்டும் நடந்தா நில்லுங்க. இல்லீன்னா வேற ஆளு நிக்கட்டும்."

"ரெண்டும் நடக்குமுங்க" என்றாள்.

நான் எத்தனையோ பேர் டாக்டர் முன்னால் தலையாட்டிவிட்டு வெளியே வந்ததும் மறந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். இவள் அன்று பகலே சோற்றை ஒரு கரண்டியாகக் குறைத்தாள். இரண்டாவது கரண்டிக்குக் கை போகவில்லை. காலையில் இரண்டு இட்லி. காப்பியில் சர்க்கரை பாதி. காய் நிறையச் சாப்பிடச் சொன்னார் என்பதால் பீன்ஸ், முட்டைக்கோஸ், பீர்க்கங்காய், சுரைக்காய் என்று நாளுக்கு இரண்டு பொரியல். தட்டில் பொரியல் மலைபோலவும் சோறு அதன் அடிவாரத்தில் ஓர் ஊர்போலவும் இருக்கும். இரண்டு மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. நானும் அதையே சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

ஆகஸ்டில் மறுபடி எடை பார்த்தபோது முள் எழுபத்தொன்பதரையில் நின்றது.

கோபமோ கேலியோ மருத்துவர் முகத்தில் இல்லை. ஆனால் "நொறுக்குத் தீனி ஏதாச்சும்…" என்று பாதியில் நிறுத்தினார். அந்தப் பாதி அவளைக் குத்திவிட்டது. டவுன் பஸ்ஸில் வீடு வரும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது மட்டும், "நான் திருடித் தின்னேன்னு நெனச்சுட்டாருங்க" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்காக அவள் கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்தாள். நான் குளியலறை வாசலில் எண்ணெயோடு நின்றுகொண்டிருந்தேன். அடுப்பில் கொட்டாங்குச்சிகளை, எங்கள் பேச்சில் தொட்டிகளை, போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, வெறகு கடைசியா எப்ப வாங்குனோம்?"

யோசித்தேன். ஜூனுக்கு முன்னால்.

"ரெண்டு மாசமா வாங்கவே இல்ல. தொட்டியே போதுது. அப்பறமும் மிச்சம் கெடக்குது, பாருங்க."

சுவரோரம் தொட்டிகள் அவள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு அரை மூடிக்கு மேல் அந்த வீட்டில் தேங்காய் உடைந்ததில்லை. இப்போது இரண்டு பொரியல், இரண்டுக்கும் மேலே ஒவ்வொரு கைப்பிடித் துருவல். சோறு குறைந்ததால் கெட்டிக் குழம்பு, அதற்கு அரைத்துவிட்ட தேங்காய். இட்லி குறைந்ததால் சட்டினி கூடுதல். தோப்பிலிருந்து வருகிற தேங்காய், கடையில் வாங்கியதில்லை, அதனால் அது எங்கள் கணக்கில் சாப்பாடாகவே வரவில்லை. உப்பு, மிளகாய் மாதிரி அதுவும் காய்க்குச் சேர்மானம் என்று நினைத்திருந்தோம். கொங்கு நாட்டில் தென்னை வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடக்கும்.

"அவுரு கேட்டது நாயந்தான். நொறுக்குத் தீனி தின்னா என்ன, இதத் தின்னா என்ன" என்றாள். பிறகு சிரித்தாள். மருத்துவர் மேல் இருந்த வருத்தம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது. தொட்டிக் குவியலைப் பார்த்து ஒரு காரணத்தை இப்படிப் பிடிக்க, எங்கள் பிரிவில் பயிற்சி பெற்ற ஆட்களுக்கும் நேரமாகும்.

காரணம் தெரிந்துவிட்டது. அதை நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது. அடுத்த தடவை தம்பி மூட்டையோடு வந்தபோது, "இனி வேண்டாம் கண்ணு. மாசத்துக்கு நாலு காய் போதும்" என்றாள். அவன் மொபெட்டை ஸ்டாண்டு போடாமலே நின்றான்.

"ஏங்க்கா, காய்ல ஏதாச்சும் கொறையா?"

"கொறையே இல்ல. அதாண்டா கஷ்டம்."

"பொறந்த ஊட்டுக் காயி வேண்டாம்னு சொன்னா ஊருல என்னக்கா நெனப்பாங்க? பொண்ணு வாரதுக்கு முன்னாலயே அக்காளுக்கும் தம்பிக்கும் ஆகலன்னு பேசுவாங்க."

அது உண்மைதான். எங்கள் ஊரில் பிறந்த வீட்டிலிருந்து வருவதை ஒரு பெண் திருப்பி அனுப்பினால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் எடுத்துக்கொள்வார்கள். அவள் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். தொட்டிக் குவியலிலிருந்து முழங்கால் வரை எல்லாவற்றையும் சொன்னாள். சோற்றுக்குப் பயந்தது, தேங்காய்க்குப் பயப்படாமல் விட்டது, எல்லாம்.

"உனக்கு இணைச்சீர் செய்யறதுக்காகத்தான் உன்ற காய வேண்டாங்கறேன். இத ஊருக்கு எப்படிச் சொல்றதுன்னு நீயே பாத்துக்க."

அவன் மூட்டையை அவிழ்த்து நான்கு காய்களை எடுத்துவைத்துவிட்டு மீதியைத் திரும்பக் கட்டினான். இனி மூட்டைக்குப் பதில் முருங்கையும் கீரையும் கொண்டுவருவதாகச் சொன்னான். அடுத்த வாரமே கொண்டுவந்தான். ஊருக்கு என்ன சொன்னான் என்று நாங்கள் கேட்கவில்லை.

எடை பார்ப்பதிலும் அவன் வந்து சேர்ந்தான். எங்கள் வீட்டில் மிஷின் கிடையாது. ரயில் நிலையத்தில் காசு போட்டு நிற்கிற மிஷினில் கூட்டத்துக்கு நடுவே ஏற அவளுக்கு விருப்பமில்லை. தோப்புக் களத்தில் கொப்பரை நிறுக்கும் தராசு மேடை ஒன்று இருந்தது. மூட்டைகளுக்கு நடுவே அவளை அதில் ஏறச் சொன்னான்.

"என்னைய என்ன கொப்பரைன்னு நெனச்சியா?"

"கொப்பரைன்னா காய வச்சு எடை கொறச்சிருப்பனே. உன்னைய வெய்யில்ல போடவும் முடியாது."

ஏறினாள். அன்றிலிருந்து மாதம் ஒரு முறை அங்கேதான் எடை பார்த்தோம். தேங்காய் குறைந்த முதல் மாதமே ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தது. கொப்பரைக்குச் சாக்கின் எடையைக் கழிப்பதுபோல் சேலைக்கு எவ்வளவு கழிக்கலாம் என்று அவன் கேட்டான். கழிக்கவே கூடாது, எப்போதும் அதே நூல்சேலையோடு நிற்கிறேன் என்றாள். சோதனை முறைகளில் இதைவிடச் சரியான விதியை நான் சொல்லியிருக்க முடியாது.

என் பங்கு கட்டைகள். மணையிலிருந்து கையூன்றாமல் எழப் பழக வேண்டும், ஆனால் முதலிலேயே அவ்வளவு தாழ்வாக உட்கார முடியாது. கம்பெனியில் மோட்டார்களைப் பெட்டியில் அடைக்கும் இடத்தில் கழித்துப் போட்ட மரத்துண்டுகள் கிடக்கும். கேட்டு வாங்கி, ஒரே கனத்தில் இழைத்து, மணையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு கட்டை அடுக்கும்படி செய்தேன். நான்கும் வைத்தால் கிட்டத்தட்ட ஒரு முக்காலி உயரம் வரும். ஒரு பிளாஸ்டிக் கூடையில் ஒரு படி அரிசி போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் பிடித்தபடி அவள் உட்கார்ந்து எழுவாள். சிரமமில்லாமல் எழ முடிகிறது என்று அவள் சொன்னால்தான் பக்கத்துக்கு ஒரு கட்டையை எடுப்பேன். எடுத்த அன்று மறுபடி கஷ்டப்படுவாள். சில நாளில் பழகிவிடும்.

நான்காவது கட்டையை எடுத்தது செப்டம்பரில். மூன்றாவதை எடுத்தது ஐப்பசி மழையில். வாசல் பெருக்கும் முன்பே தெருமுனை வரை நடந்துவிட்டு வருவாள், மழை நாளில் வீட்டுக்குள்ளேயே நடப்பாள். துண்டுப் பயிற்சியைக் கட்டிலில் படுத்துச் செய்வாள். அதைச் செய்யும்போது யாரும் பேசக் கூடாது.

அந்த மாதம் ஆனைமலையில் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. எங்கள் பக்கத்தில் பந்திக்கு வந்தவர் இலையில் குறை வைத்தால் அழைத்தவருக்கு மனம் ஆறாது. பெரியம்மா எங்களுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் மனைவியின் அப்பாவுடைய அண்ணன் மனைவி. வாய் துடுக்கு, மனதில் ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். மனதில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியாது.

"என்ன அம்மிணி, கழுத்தெலும்பு தெரியுது. சக்கரையா?"

"இல்லீங் பெரியம்மா. முழங்காலுக்காகக் கொறைக்கறேன்."

"முழங்காலு நோவுதுன்னா சோத்த நிறுத்துவாங்களாக்கும்." என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மாப்ள, கம்பெனில சம்பளம் போடறதில்லீங்களா?"

பந்தியில் சிரிப்பு. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

"சம்பளம் போடறாங்க பெரியம்மா. அரிசி வாங்கற செலவுதான் மிச்சம்" என்றாள் என் மனைவி.

பரிமாறியவர் ஒப்பிட்டு, அதுதான் பருப்புப் போளி, கொண்டுவந்தார். அவள் முதலில் கையால் இலையை மறைத்தாள். பிறகு கையை எடுத்தாள். நெய்யோடு ஒன்று, பிறகு இன்னொன்று. பஸ்ஸில் வரும்போது அவளே சொன்னாள். "ரெண்டு தின்னுபோட்டேனுங்க. நல்லாத்தான் இருந்துச்சு. நாளையில இருந்து பழையபடி." அவ்வளவுதான். அழுகையும் இல்லை, மறுநாள் பட்டினியும் இல்லை. மறுநாள் காலை இரண்டு இட்லி, பாதிச் சர்க்கரையில் காப்பி. ஒரு தவறு நடந்தால் மொத்த வேலையையும் கைவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தவறின் அளவு என்னவோ அந்த அளவுக்கு மட்டும் அதைத் திருத்துகிறவர்கள் அபூர்வம். அவளிடம் நான் மிகவும் மதித்தது இதைத்தான்.

நவம்பரில் ஒரு மாதம் முழுக்க எடை அசையவே இல்லை. அப்போது மட்டும் கொஞ்சம் எரிச்சல்பட்டாள். தராசில் துருப்பிடித்திருக்கும் என்றாள். தம்பி படிக்கல்லை வைத்துச் சரிபார்த்துக் காட்டினான். தராசு சரி. டிசம்பரில் மறுபடி இறங்கியது. இரண்டாவது கட்டையையும் எடுத்தேன். மார்கழி முடிவதற்குள் எழுபத்தொன்று. வலி போய்விட்டதா என்றால், இல்லை. பஸ் படி ஏறும்போது இருந்தது, குளிர்ந்த காலையில் இருந்தது. ஆனால் இரவில் வலியால் விழிப்பது நின்றிருந்தது. மாத்திரை தினமும் தேவைப்படவில்லை. மறுபடி போனபோது மருத்துவர் தட்டிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, தொடையைச் சுற்றி அளந்து, "எந்திரிச்சுக் காட்டுங்க" என்றார். அவருடைய அறையில் இருந்த தாழ்ந்த ஸ்டூலிலிருந்து, கைகளைத் தலைக்கு மேலே வைத்தபடி எழுந்து காட்டினாள்.

"நில்லுங்க" என்றார். "ஒரு கட்டை மட்டும் இருக்கட்டுங்க. அத எடுக்க வேண்டாம்."

கடைசிக் கட்டையோடு மணவறைக்குப் போவது எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இணையாக உட்கார வேண்டிய சடங்கில் அக்கா உயரமாகவும் தம்பி தாழ்வாகவும் இருந்தால் பார்க்கிறவர்கள் சும்மா விடமாட்டார்கள். தம்பியிடம் சொன்னதும் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாமா, அதே கனத்துல எனக்கும் ஒரு சோடி இழைச்சுத் தாரீங்களா?"

1995 பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை, பொள்ளாச்சியில் கல்யாணம். அதிகாலையில் மண்டபத்தில் குளிர். இரண்டு மணைகளுக்கும் அடியில் கட்டைகளை வைத்து, ஆடாமல் இருக்கிறதா என்று நானே அழுத்திப் பார்த்தேன். மேலே ஜமுக்காளம் விரித்துவிட்டார்கள். சீர் செய்து வைக்கும் பெரியவரிடம் முன்பே சொல்லியிருந்தோம். "இணையா இருந்தாச் சரிதானுங்க. ஒசரத்துல என்ன இருக்குது" என்றிருந்தார்.

அவள் புதுச்சேலையில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். மேளம் வாசித்தார்கள். மணவறையை நிதானமாகச் சுற்றினாள். வலது காலை வைக்கும்போது மட்டும் அரை நொடி தாமதம், எனக்குத்தான் தெரியும். தம்பிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெரியவர் வாழ்த்துப் பாட ஆரம்பித்தார். நீளமான பாட்டு. நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பாட்டின் ஒரு வரிகூட என் காதில் விழவில்லை.

பாட்டு முடிந்தது. பெரியவர் தலையசைத்தார். அவள் வீட்டில் செய்வதுபோலவே பாதங்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, முன்னால் சாய்ந்தாள். தம்பி கையை நீட்டவில்லை. நீட்டினால் என்ன நினைப்பாள் என்று அவனுக்குத் தெரியும். கூடை அசைந்தது. நேரானது. அவள் நின்றாள்.

பின்வரிசையிலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. "மணைக்கு அடியில கட்டை வச்சுத்தான எந்திரிச்சா?"

கூடையை இறக்கிய பிறகு என் மனைவி அவரிடம் போய், "ஆமாங் பெரியம்மா. ஒரே ஒரு கட்டை. உங்களுக்கு எத்தன வேணும்னு சொல்லுங்க, இவுரு இழைச்சுத் தருவாரு" என்றாள். பெரியம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு, "போடி" என்றார். அவருக்கும் முழங்கால் வலி உண்டு. கட்டை வேண்டும் என்று கடைசிவரை கேட்கவில்லை.

காலைப் பந்தியில் இடியாப்பம் மாதிரி பிழிந்த சந்தவையும் தேங்காய்ப்பாலும் போட்டார்கள். அவள் ஒரு பிடி சந்தவை சாப்பிட்டாள், பாலை இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டாள். ரசித்துச் சாப்பிட்டாள். மதியத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசினாள். சாயங்காலம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கிணத்துக்கடவு வீட்டுக்கு அழைத்துவந்த பிறகு, அறைக்குள் சேலையைத் தூக்கி முழங்காலைக் காட்டினாள். லேசாக வீங்கியிருந்தது. ஈரத்துண்டைச் சுற்றிக் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டாள்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது, கேட்கவில்லை. எதற்காக இத்தனையும் செய்தாளோ அது முடிந்துவிட்டது. இனி யாருக்காகக் குறைப்பாள், யாருக்காக நடப்பாள்? வீடு நிறைய உறவு. அடுக்களையில் அண்டா அண்டாவாக மிச்சப் பலகாரம். ஒரு வாரம் இங்கேதான் இருக்கப்போகிறோம்.

திங்கட்கிழமை காலையில் எனக்கு விழிப்பு வந்தபோது பக்கத்தில் அவள் இல்லை. முற்றத்தில் பாய்களில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் வாசல்படியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு வேண்டாமே அம்மிணி. வீக்கம் இருக்குது."

"கொறஞ்சிருக்குதுங்க. வாய்க்கால் பாலம் வரைக்கும் போவனா மாட்டனான்னு போனாத்தான தெரியும்."

நானும் செருப்பைப் போட்டுக்கொண்டேன். தோப்பை ஒட்டி வாய்க்கால் மேட்டில் சமமான மண்பாதை. பனி விழுந்திருந்தது. அவள் முன்னால் நடந்தாள். பாலத்துக்குப் பாதித் தூரம் போனதும் நின்றாள். குனிந்து முழங்காலைச் சேலைக்கு மேலேயே தொட்டுப் பார்த்தாள். காலை ஒருமுறை நீட்டி மடக்கினாள்.

"இன்னைக்கு இவ்வளவு போதுமுங்க" என்று சொல்லித் திரும்பினாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் காப்பி கேட்டாள்.